மூன்று கரைகளின் மேல் ஒரு நடை

மலையேற்றம் என்று கிளம்புகிறவர்கள் பொதிகைக்குப் போவார்கள், கொடைக்கானலுக்குப் போவார்கள், வெள்ளியங்கிரிக்குப் போவார்கள். நடப்பதற்கென்றே தூத்துக்குடிக்கு ரயில் ஏறுகிறவர்கள் குறைவு. பனிமய மாதாவைக் கும்பிட்டு, மக்ரூன் பொட்டலம் வாங்கிக்கொண்டு, திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறிவிடுவதுதான் வழக்கம். சாலை வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சன்னலுக்கு வெளியே உப்பளம், சீமைக்கருவேல், ஓர் ஆற்றுப்பாலம், வாழைத் தோட்டம், மறுபடியும் கருவேல். ஏறவும் இறங்கவும் ஒன்றுமில்லாத தட்டை நிலம் என்று கண் தீர்ப்புச் சொல்லிவிடும்.

கால் அப்படிச் சொல்லாது. நிலம் எப்படி உண்டாகிறது, எப்படி அழிகிறது என்பதைத் தன் காலால் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் இந்தக் கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது என்பது என் எண்ணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைக்கு வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். மனிதர் பார்த்திருக்க அது அசைவதில்லை. இங்கே கரை நம் வரலாற்றுக்கு உள்ளேயே இடம் மாறியிருக்கிறது. இன்று அலை அடிக்கும் கரை ஒன்று. கடல் விட்டுவிட்டுப் போனதால் உள்நாட்டில் தங்கிவிட்ட பழைய கரை ஒன்று. கடல் ஏறியதால் நீருக்கடியில் முழுகிப்போன கரை ஒன்று. முதல் இரண்டின் மேல் நாமே நடக்கலாம். மூன்றாவதன் மேல் நடந்தவர்கள் முத்துக்குளித்தவர்கள்.

நடை இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை வேட்டி, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடந்து வரும் கூட்டத்தைத் தென்மாவட்டச் சாலைகளில் பார்க்காதவர்கள் கிடையாது. 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார் பரதவர் ஊர்களுக்கு நடந்தே போனவர். ஆனால் இன்றைய பாதயாத்திரை தார்ச்சாலையில் நடக்கிறது. சாலைக்குக் கிழக்கே நாலு எட்டில் கடல் இருக்கிறது, மேற்கே சிறிது தூரத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடு இருக்கிறது. இந்த அத்தியாயம் சாலையை விட்டு இறங்குகிறவர்களுக்கு.

ஊரை விட்டுத் தெற்கே வந்தால் முதலில் உப்பளம். பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்பில் நடக்கிறபோது, ஒரே நீர் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறுவதைக் கவனிக்கலாம். நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், அடுத்து ஜிப்சம், அதன் பிறகுதான் நாம் உண்ணும் உப்பு. மிஞ்சும் கசப்புநீரில் மக்னீசியம் நிற்கும். எந்தச் சத்தை எந்தப் பாத்தியில் விட வேண்டும் என்பது உப்பள வேலையாட்களுக்குக் கைப்பழக்கம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் இந்த வட்டாரத்துக்கு என்றால் காரணம் எளிது: மழை குறைவு, வெயில் அதிகம், காற்று ஓயாது, நிலம் கடல்மட்டத்தை ஒட்டிய களிமண். அந்தக் களிமண்ணைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வியோடு ஆற்றுக்குப் போவோம்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த ஆறு. முகத்துவாரத்தில் ஆறு பல கிளையாகப் பிரிந்து சேற்றில் திணறுகிறது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லை, வேருக்கு வேண்டிய காற்றை மேலேயிருந்து எடுக்க அந்த ஏற்பாடு. இங்கே கரையோரமாக நடந்து அக்கரை போக வழி இல்லை. நடப்பவர் மேற்கே திரும்பி முக்காணிப் பாலத்துக்கு வந்துதான் ஆற்றைக் கடக்க வேண்டும். சுற்று வழிதான். அந்தச் சுற்று வழிதான் கொற்கைக்கும் போகிறது.

கொற்கை இன்று வாழையும் நெல்லும் விளையும் சிற்றூர். கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. சுமார் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பாண்டியரின் துறைமுகம் இதுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற வணிகக் கையேடு கொல்கோய் என்று இந்த ஊரைக் குறிப்பிட்டு, இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கிறார்கள் என்கிறது. பிஷப் கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்தார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-ல் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு கி.மு. 785 என்று வந்தது. அகழ்ந்த குழிகளில் சங்கும் சிப்பி ஓடுகளும் கிடைத்தன.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 2,000 ஆண்டில் 6 கிலோமீட்டர் நிலம் முன்னேறியது என்று வைத்துக்கொண்டால் சராசரியாக ஆண்டுக்கு 3 மீட்டர். நடப்பவருக்கு நாலு எட்டு. ஒரு மனிதர் தன் ஆயுளில் பார்க்கக்கூடிய வேகம்தான் இது. உண்மையில் இவ்வளவு சீராக நடந்திருக்காது. ஆற்று வண்டல் ஆண்டுதோறும் ஒரே அளவில் வருவதில்லை. பெருவெள்ளம் ஒன்று பல பத்தாண்டு வேலையைச் சில நாளில் செய்துவிடும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சேர்ந்தாலும் வழக்கமாக அவ்வளவு பெய்வது கிடையாது. ஊர்கள் முழுகின, சாலைகள் அறுந்தன, ரயில் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டார்கள். வீடு இழந்தவர்களுக்கு அது பேரிடர். அதே வெள்ளத்தை நிலவியல் நோக்கில் பார்த்தால், கொற்கையைக் கடலிலிருந்து பிரித்த வேலை எப்படி நடந்திருக்கும் என்பதன் ஒரு நாள் காட்சி அது.

துறை தூர்ந்தால் துறைமுகம் ஆற்றைத் தொடர்ந்து கிழக்கே போகும். கொற்கைக்குப் பின் பழையகாயல். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைக் கப்பல்கள் வந்திறங்கக் கண்டெழுதிய காயல் இந்தப் பகுதிதான். பழையகாயலும் தூர்ந்தபின் புன்னைக்காயல். போர்ச்சுக்கீசியர் காலத்தில் அண்டிரிக் அடிகளார் தமிழ் நூல் அச்சிட்ட ஊர். அதற்கும் பின்னால்தான் தூத்துக்குடி. தூத்துக்குடியிலும் கடல் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. ஆழ்கடல் துறைமுகம் வேண்டுமென்றபோது கடலுக்குள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புக் கட்ட வேண்டியிருந்தது. 1974-ல் அது பெருந்துறைமுகம் ஆனது. கடலை நோக்கி நகர்ந்துகொண்டே போகும் இந்த வரிசையைக் காலால் நடந்து முடிப்பதற்கு ஒரு பகல் போதும். வரைபடத்தில் வெறும் ஊர்ப்பெயர்களாகப் பார்த்தவர்களுக்கு இந்த நடையில் கிடைக்கும் தெளிவு வேறு.

ஆற்றைத் தாண்டிக் காயல்பட்டினம் கடற்கரைக்கு வந்துவிட்டால் உண்மையான கரைநடை தொடங்குகிறது. இங்கே முதல் பாடம் காலுக்கு.

காய்ந்த மணலில் நடப்பது ஏன் இவ்வளவு களைப்பாக இருக்கிறது? பெல்ஜியத்து ஆய்வாளர்கள் 1998-ல் இதை அளந்தார்கள். ஒரே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க உடல் 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றலைச் செலவழிக்கிறது. ஓடினால் 1.6 மடங்குதான். கால் பின்னுக்குத் தள்ளும்போது மணல் வழுக்கி நகர்கிறது; நம் உழைப்பில் ஒரு பங்கு உடலை முன்னே கொண்டுபோகாமல் மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. அதனால் இந்தக் கரையில் 10 கிலோமீட்டர் என்று திட்டமிடுகிறவர், தார்ச்சாலையில் 20-க்கு மேல் நடக்கும் தெம்போடு வர வேண்டும்.

அலை ஏறி இறங்கும் ஈரப்பட்டையில் நடந்தால் இந்தச் செலவு வெகுவாகக் குறையும். மணற்பரல்களுக்கு இடையே சிறிதளவு நீர் இருந்தால், அது பரலுக்கும் பரலுக்கும் நடுவே மெல்லிய பாலமாக நின்று பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். நீர் முழுக்க நிறைந்துவிட்டால் பாலம் இல்லை, பிடிப்பும் இல்லை. அப்போது மறுபடி கால் புதையும். அலை கடைசியாக ஏறிப் போன கோட்டுக்குச் சற்றுக் கீழே, நீர் வடிந்து கொஞ்ச நேரம் ஆன இடம்தான் நடக்க வாகானது. கரையில் மீனவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று பாருங்கள், அந்தப் பட்டையில்தான் நடப்பார்கள்.

அந்த ஈரப்பட்டையில் நின்று மெதுவாக ஒரு பாதத்தை ஊன்றுங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்துபோகும். நம் எடை நீரைப் பிழிந்து வெளியேற்றும் என்றல்லவா நினைப்போம்? நடப்பது நேர்மாறு. அலை இறுக்கி அடுக்கி வைத்திருந்த பரல்கள் பாதம் அழுத்தியதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகுகின்றன, இடைவெளி பெருகுகிறது, மேற்பரப்பு நீர் அந்த இடைவெளிக்குள் உறிஞ்சப்படுகிறது. பாதத்தை எடுத்ததும் பரல்கள் மறுபடி அடங்கி, தடத்தில் நீர் தேங்கும். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் அறிஞர் 1885-ல் இதை விளக்கினார். ஒவ்வொரு குழந்தையும் கடற்கரையில் பார்த்திருக்கும் காட்சிக்கு விளக்கம் கிடைக்க 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஆனது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

கரையின் மேல்மேட்டில் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும். இராவணன் மீசையின் விதைக்கொத்து முள்பந்துபோல் உருண்டு காற்றில் ஓடும். எங்கே மணல் குவிகிறதோ அங்கே நின்று முளைக்கும். மணற்குன்று தொடங்குவது பெரும்பாலும் இந்தச் செடிகளின் காலடியில்தான். அழகுக்காக என்று இவற்றை வெட்டியெறிந்து வெறும் மணலாக ஆக்கிய கரைகளில் குன்று நிற்பதில்லை. நடக்கிறவர்கள் செடியை மிதிக்காமல் ஈரப்பட்டையிலேயே போவது கரைக்கும் நல்லது, காலுக்கும் நல்லது.

திருச்செந்தூரை நெருங்கும்போது காலடியில் மணல் கல்லாகிறது. கோயிலை ஒட்டிய கரையில் அலைக்கு நெஞ்சு கொடுத்து நிற்பது மணற்பாறை. வள்ளி குகை இதே பாறையைக் குடைந்ததுதான். குனிந்து பார்த்தால் சிப்பித் துண்டும் சங்கு உடைசலும் பாறைக்குள் பதிந்திருப்பது தெரியும். மலைப்பாறையைப்போல் கோடி ஆண்டு தேவைப்பட்ட கல் அன்று இது. சிப்பி, சங்கு, பவளம் எல்லாமே கால்சியம் கார்பனேட். மழைநீரும் நிலத்தடி நீரும் அதைச் சிறிது கரைக்கின்றன. வெயிலில் நீர் ஆவியாகும்போது கரைந்த சுண்ணாம்பு பரல்களின் இடுக்கில் மறுபடி படிந்து இறுகுகிறது. வெப்பமான கடற்கரைகளில் சில நூறு, சில ஆயிரம் ஆண்டுக்குள் மணல் இப்படிப் பாறை ஆகிவிடும். ஆகவே இத்தகைய பாறைக்கு ஒரு சாட்சி மதிப்பு உண்டு. சிப்பியை மணலோடு சேர்த்துக் கட்டிய கரைப்பாறை எங்கே கிடக்கிறதோ, அங்கே ஒரு காலத்தில் அலை அடித்தது என்று பொருள்.

இதே பாறைக்கு நடுவே நாழிக்கிணறு. கடலிலிருந்து கூப்பிடு தூரம், இருந்தும் உப்புக் கரிக்காத நீர். அடியார்களுக்கு அது முருகன் வேலால் உண்டாக்கிய ஊற்று. இயற்பியல் சொல்வது இது: மணலுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருக்கு 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் தேங்க முடியும். கைபென் 1888-லும் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் ஐரோப்பியக் கடற்கரைகளில் கண்டுபிடித்த விதி. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மோட்டார் போட்டு நன்னீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரும். கரையோர ஊர்களில் கிணறு உப்பாவது இந்தக் கணக்கின்படிதான்.

இவ்வளவு நன்னீரைச் சேர்த்து வைப்பது எது? அதற்குப் பதில் மேற்கே இருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாகப் போனால், பனங்காடு முடிந்து உடைமரமும் கொல்லாமரமும் நிற்கும் இடத்தில் தரை திடீரென்று இரத்தச் சிவப்பாகிறது. குதிரைமொழித் தேரி. கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல் மேடும் பள்ளமும். கைப்பிடி மணலை எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். ஒவ்வொரு பரலும் உள்ளே பளிங்குபோன்ற குவார்ட்ஸ். நிலக்கடலைப் பருப்பைச் சிவப்புத் தோல் மூடியிருப்பதுபோல, அதை ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாக மூடியிருக்கிறது. மணலில் கலந்திருக்கும் இல்மனைட், கார்னெட் முதலிய இரும்பு கலந்த கனிமங்கள் மழையிலும் வெயிலிலும் மாறி மாறி நைந்து வெளிவிட்ட இரும்புதான் இந்தத் தோல். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நேற்று குவிந்த மணல் வெளுப்பாக இருக்கும், தேரி சிவந்திருக்கிறது. நிறமே வயதைச் சொல்லிவிடுகிறது. மணற்பரல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அளக்கும் ஒளிக்கிளர்வுக் கணிப்பும், இந்த மேடுகள் கடைசிப் பனியூழி முடிந்த பிறகான சில ஆயிரம் ஆண்டுகளில் பெருமளவு வளர்ந்தவை என்று காட்டுகிறது.

மணல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. மலையடிவாரச் செம்மண்ணை மேல்காற்று அள்ளி வந்து கடலோரம் போட்டது என்பது பழைய நிலவியலாளர் சிலரின் கருத்து. கடல் பின்வாங்கி இருந்த காலத்தில் வெளிப்பட்ட கடலடி மணல் காற்றில் குவிந்து, பிறகு இருந்த இடத்திலேயே சிவந்தது என்பது இன்னொன்று. பரலில் இருக்கும் கனிமக் கலப்பைப் பார்த்தால் இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது. எப்படியிருந்தாலும் கடல் உயர்ந்து தாழ்ந்த கதையோடு தேரி பிறந்த கதை பின்னிக் கிடக்கிறது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தேரியில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மணல் முழங்காலுக்குக் கீழே ஊசியாகக் குத்தும், முகத்தில் அவ்வளவாகப் படாது. லிபியப் பாலையில் மணலை ஆராய்ந்த ரால்ப் பாக்னால்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1941-ல் எழுதிய நூலில் காரணம் காட்டினார். மணல் தூசியைப்போல் பறப்பதில்லை. ஒரு பரல் காற்றில் எம்பி, சிறிது தூரம் போய் விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் சில பரல்களை எம்ப வைக்கிறது. இந்தத் துள்ளல் தரையை ஒட்டியே நடக்கிறது. ஒரு காலத்தில் இப்படி நகர்ந்த தேரி மணல் வயலையும் வீட்டையும் மூடியது. பனையும் உடையும் வேரூன்றியபின் மேடுகள் ஓரளவு நின்றன. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பதநீர் தரும் பனைகளுக்கு இந்த இன்னொரு வேலையும் உண்டு.

தேரியில் ஓடை கிடையாது. பெய்த மழை பெய்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கிய நீர் தாழ்வான ஓரிடத்தில் வெளியே வந்தால் சுனை. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படியொரு இடத்தில் இருக்கிறது. நாற்புறமும் செம்மணல் கொதிக்க, நடுவே நீரும் மரநிழலும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்கள் அந்தச் சுனையைப் பல தலைமுறையாகக் காத்து வருகின்றன. மணலுக்கடியில் நீர் இருக்கிறது என்ற அறிவை ஒரு கோயிலாக்கி வைத்ததைவிட நல்ல பாதுகாப்பு ஏற்பாட்டை நான் அறியேன்.

இந்தத் தேரிகளில் நடந்தவர்கள் இன்னும் பழையவர்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை வெளியிட்டார். அதற்குப் பல ஆண்டு கழித்து, 1956-ல் சோய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி முதலிய இடங்களின் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். விரல் நகமளவு கத்தி, அம்புமுனை, பிறைவடிவத் துண்டு. செர்ட், குவார்ட்ஸ் கற்களில் செதுக்கியவை. கடலோர மணற்குன்றுகளில் தங்கி மீனும் வேட்டையுமாக வாழ்ந்த மக்கள். தேரியில் அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு, கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடத்திலிருந்து பிரித்த கருவி வெறும் கல்.

இனி மூன்றாவது கரை. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகின் நீரில் இன்றைவிட அதிகப் பங்கு பனியாக உறைந்திருந்தபோது கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதி முழுவதும் நிலம். பனி உருக உருகக் கடல் ஏறியது. ஏறும்போது சில இடங்களில் நின்று நின்று ஏறியது. நின்ற இடங்களில் கரைப்பாறை இறுகியது. பிறகு அதுவும் முழுகியது. தூத்துக்குடிக் கடலில் 10, 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறைத்திட்டுகளைக் கடலோடிகள் பார் என்கிறார்கள். தொலையிரம் பார் இவற்றில் பேர்பெற்றது. பெரும்பாலும் சுண்ணாம்பால் இறுகிய மணற்பாறையும் பவளத்துண்டும்தான்; திருச்செந்தூர்க் கரையில் நம் காலுக்கடியில் கிடந்த கல்லின் உறவு. முத்துச்சிப்பிக்கு ஒட்டிக்கொள்ள உறுதியான தளம் வேண்டும். சேற்றிலும் ஓடும் மணலிலும் அது வாழாது. ஆக, பாண்டியருக்கும் போர்ச்சுக்கீசியருக்கும் டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் செல்வம் கொடுத்த முத்து, இத்தகைய பாறைமேடுகள் கடலடியில் கிடந்ததால் விளைந்தது.

அங்கே போனவர்கள் கால் முன்னே, கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு, நெஞ்சுக்குள் இழுத்த காற்று மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், காது வலிக்கும். ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் பாரின்மேல் துழாவிச் சிப்பியைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைக்க வேண்டும்; மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் இழுத்துவிடுவார். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் நடந்தது ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் தரையாக இருந்த இடத்தில். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் இங்கே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் சிப்பிக்குள் செயற்கைக் கருவை வைத்து முத்து விளைவித்தது. தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் அந்தக் கடலடிக்கு இறங்குகிறார்கள். இப்போது கம்ப்ரசர் குழாயில் காற்று வருகிறது. அதிக நேரம் கீழே இருக்க முடிகிறது, கூடவே வேகமாக ஏறினால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டிக் கைகால் விழுந்துபோகும் ஆபத்தும் வந்திருக்கிறது.

முழுகும் கரையைப் பார்க்கப் பனியூழிவரை போக வேண்டியதில்லை. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் முழுகிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்ததே முதற்காரணம். தீவுக்கு முன்னால் அலையை உடைத்த பாறை போனபின் அலை நேராகத் தீவையே அரித்தது. காரியாச்சல்லித் தீவு 1969-ல் ஏறத்தாழ 21 ஹெக்டேர், இன்று 3 ஹெக்டேரைச் சற்றே தாண்டும். தூத்துக்குடிக்கு மிக அருகிலுள்ள வான் தீவும் இப்படிச் சுருங்கியது. 2015-க்குப் பின் அதன் முன்னால் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கியபின் அரிப்பு தணிந்திருக்கிறது. இந்தத் தீவுகளில் கால்வைக்கத் தடை உண்டு. அந்தத் தடை சரி என்பதே என் கருத்து. கரையிலிருந்து பார்த்தால் போதும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு. இந்தத் துண்டுதான் முழு நடையிலும் மிக அழகானது. அலை விட்டுப்போன இடத்தில் கறுப்பும் செந்நிறமுமாகக் கோடுகள் தெரியும். குவார்ட்ஸை அலை திரும்பி இழுத்துக்கொண்டு போகும். அதைவிடக் கனமான இல்மனைட்டும் கார்னெட்டும் பின்தங்கிவிடும். தேரிக்குச் சிவப்புக் கொடுத்த அதே கனிமங்கள்தான், இங்கே கடல் தரம்பிரித்து வைத்திருக்கிறது. மணப்பாட்டில் கருமேனியாறு கடலைச் சேரும் இடத்தில் மணல்திட்டு நாக்காக நீண்டு ஒரு காயலை வளைத்திருக்கிறது. காற்று குவித்த மணல் இறுகிய குன்றின்மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். குன்றின் கடல்பக்கக் குகையில் சவேரியார் தங்கியதாகச் சொல்கிறார்கள்.

இந்தத் துண்டுக்கு நடுவே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து நேர்தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டாம் என்பதால் சிறிய ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் மிச்சம். நாட்டுக்கு அது தேவை. வேலிக்குள் போகும் கரையில் நடப்பவருக்கு இனி வழி இராது என்பதும் உண்மை. வடக்கே துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கும் கரையிலும் இதே நிலைதான். 2025 தொடக்கத்தில் திருச்செந்தூர்க் கோயில் முன்பு கடல் மணலை அரித்துக்கொண்டு போனபோது பள்ளத்திலிருந்து கல்வெட்டுப் பலகைகள் வெளிப்பட்டன. எஞ்சிய கரையும் இருந்தபடியே இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றத் தடங்களை அறிவித்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. நல்ல திட்டம். அவை மலைத்தடங்களும் காட்டுத்தடங்களும். அதே முறையில் காயல்பட்டினத்திலிருந்து மணப்பாடு வரை, தேரிக்கு ஒரு கிளையோடு, ஒரு கரைத்தடம் வேண்டும். வழிகாட்டிகளாகக் கச்சானும் வாடையும் கொண்டலும் அறிந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கட்டும். ஊர்க்கரைகளில் வலை உலர்த்தும் இடத்தையும் மீன் இறங்கும் துறையையும் விலக்கி, அந்தந்த ஊர்க்கமிட்டியைக் கேட்டு வழியைக் குறிக்கட்டும்.

அதுவரை தாமாக நடக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. நல்ல மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். விடியுமுன் கிளம்பிப் பத்து மணிக்குள் நிழல் சேருங்கள். தேரியில் தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு மூன்று லிட்டராவது தோளில் இருக்க வேண்டும். ஆற்று முகத்துவாரத்தைக் காலால் கடக்கப் பார்க்காதீர்கள். உயிருள்ள சங்கையும் சிப்பியையும் தொடாதீர்கள். கரையில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தால் நின்று, அவர் சின்ன வயதில் கடல் எது வரைக்கும் இருந்தது என்று கேளுங்கள். கைநீட்டிக் காட்டுவார்.